ஒரே ஒரு அடி வாங்கிய உளி

அத்தியாயம் 7

லத்தி மூன்றாவது முறை முதுகில் விழுந்தபோதும் மச்சான் கத்தவில்லை. நான்தான் கத்தினேன்.

இன்ஸ்பெக்டர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "யோவ், அடி வாங்கறது அவன். நீ எதுக்குய்யா கத்துற?"

"அவர் கத்த மாட்டேங்கறாரே சார். யாராவது ஒருத்தர் கத்தணும்ல."

மாஸ்டர் என் காலை மிதித்தார். வாயை மூடு என்பதற்கு அவர் வைத்திருக்கும் சைகை அது. என் இடது கால் கட்டைவிரல் இத்தனை வருடமாக நசுங்கியே கிடப்பதற்கு அவருடைய செருப்புதான் காரணம்.

மாஸ்டர் என்றால் கராத்தே மாஸ்டர் இல்லை. தையல் கடையில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். அவர் வெட்டிய துணிக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவன் நான். என் உடம்பு வாகைப் பார்த்து அன்றைக்கு யாரோ வைத்த குண்டூசி என்ற பெயர்தான் இன்றுவரை ஓடுகிறது. ஒரு கோட்டின் தோள் அளவை வைத்து ஒரு கொலைகாரனைப் பிடித்துக் கொடுத்த நாளிலிருந்து மாஸ்டர் கத்தரியை விட்டுவிட்டுத் துப்பறிய வந்துவிட்டார். இஞ்ச் டேப்பை மட்டும் விடவில்லை. அது எப்போதும் அவர் சட்டைப் பையில் சுருண்டு கிடக்கும்.

இப்போது விஷயம் இதுதான். நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் மரப்பட்டறை முதலாளி தன் வேலை மேசைமேல் மல்லாந்து செத்துக் கிடந்தார். நெஞ்சில் ஒரு இஞ்ச் அகல உளி. முதலில் கையால் குத்தியிருக்கிறான். பாதிதான் இறங்கியிருக்கிறது. உடனே மேசையில் கிடந்த மரச்சுத்தியலை எடுத்து, துடித்துக்கொண்டிருந்த மனுஷன்மேல் ஏறி, ஆப்பு இறக்குவதைப்போல ஒரே போடு. உளி எலும்பைப் பிளந்துகொண்டு பிடி வரைக்கும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அதை வெளியே எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டதாம்.

லாக்கப்பில் இருப்பவர் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. முதலாளிக்கு மச்சான் என்பதால் பட்டறையில் எல்லோருக்கும் மச்சான். தலைமைத் தச்சர். நேற்றுக் காலையில் அவர் புதிதாக ஒரு பெட்டி உளி வாங்கி வந்திருக்கிறார். முதலாளி அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு உளியாடா?" என்று மரச்சுத்தியலைத் தூக்கி அவர் முகத்தில் எறிந்திருக்கிறார். நெற்றியில் நாலு தையல். மத்தியானம் முதலாளி பிணம். மச்சான் தானாகவே ஸ்டேஷனுக்கு வந்து, "நான்தான் கொன்னேன்" என்று நின்றார். எப்படி, ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. அந்தப் பதிலுக்குத்தான் இந்த லத்தி. நாலு மணிக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். அங்கேயும் இதையே சொல்லிவிட்டால் மனுஷன் உயிரோடு திரும்புவது சந்தேகம்.

எங்களைக் கூப்பிட்டது அவருடைய அக்கா. ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் போனது நேற்று, தம்பி போகப் போவது இன்று. அவள் அழவே இல்லை. நகக்கண்ணில் நேற்றைய ரத்தம் அப்படியே காய்ந்திருந்தது. காலையில் அவள் எங்களிடம் சொன்னதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

"சோறு எடுத்துட்டுப் போனேன். மேசை மேல கிடந்தாரு. கண்ணு திறந்திருந்துச்சு. மேசை மேல முட்டி போட்டு ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தேன் சார். வரவே இல்ல. அவரு நெஞ்சுதான் உளியோட சேர்ந்து மேல வந்துச்சு."

"இழுக்கறப்ப யாராவது பார்த்தாங்களாம்மா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"தம்பி வாசல்ல நின்னான். அப்படியே திரும்பிப் போயிட்டான்."

மாஸ்டர் உடனே எழுந்தார். நேரே பட்டறைக்குப் போனார். அங்கே கிடந்த உளிப் பெட்டியை எடுத்தார். கூடவே முதலாளி உளிகளைச் சோதித்துப் பார்த்த மரக்கட்டையையும் எடுக்கச் சொன்னார். வைரம் பாய்ந்த கட்டை. ஒரு குழந்தை கனம். பெட்டியை அவர் தூக்கிக்கொண்டார், கட்டையை நான் சுமந்தேன். எங்கள் தொழிலில் பங்கு எப்போதும் இப்படித்தான் பிரியும்.

"சார், ஒரு பத்து நிமிஷம்," என்றார் மாஸ்டர், லத்தியைக் கீழே வைத்த இன்ஸ்பெக்டரிடம். "இந்தப் பெட்டியை மச்சான் கையில குடுத்து ரெண்டு கேள்வி கேக்கணும்."

"லாக்கப்புக்குள்ள உளிப் பெட்டியா? யோவ், நான் ரிடையர் ஆக இன்னும் ஆறு மாசம்தான்யா இருக்கு!"

"கொலை பண்ணின உளி இந்தப் பெட்டியில இருந்ததுதான்னு எப்படித் தெரியும்னு கோர்ட்டுல கேட்டா நீங்க யாரைக் காட்டுவீங்க? வாங்கினவன் வாயால வரட்டுமே."

இன்ஸ்பெக்டர் யோசித்தார். லத்தியால் வராத பதில் சும்மா வருகிறது என்றால் யாருக்குத்தான் கசக்கும்? மச்சானை வெளியே கொண்டுவந்து, ஒரு கையை ஜன்னல் கம்பியோடு விலங்கு மாட்டி, துப்பாக்கியோடு ஒரு ஏட்டைப் பக்கத்தில் நிறுத்தினார். மச்சானின் இன்னொரு கை வீங்கி, விரல்கள் மடங்கவே மறுத்தன.

"தம்பி, நான் துணி வெட்டறவன்," என்றார் மாஸ்டர். "கத்தரின்னா தெரியும், உளின்னா தெரியாது. புதுசா வாங்கின உளி நல்லதா கெட்டதான்னு எப்படிப் பார்க்கறது?"

"நான்தான் கொன்னேன் சார். வேற ஒண்ணும் கேக்காதீங்க."

"சரி, கொன்னதை அப்புறம் பேசுவோம். ஊர்ல வேற ஒண்ணு பேசிக்கறாங்க. இருபது வருஷம் உளி பிடிச்சவனுக்கு நல்ல உளி எது, மட்டமான உளி எதுன்னு தெரியலையேன்னு சிரிக்கறாங்க. அதுக்கு என்ன சொல்றே?"

கொலைகாரன் என்று முகத்துக்கு நேரே சொன்னபோது குனிந்தே இருந்த தலை இப்போது விருட்டென்று நிமிர்ந்தது.

"எவன் சிரிக்கறான்? எனக்கா உளி தெரியாது?" அவர் உதட்டிலிருந்து ரத்தம் தெறித்தது. "உளி வித்த கடைக்காரர் ஏமாத்திட்டாரு சார். என் கண்ணு முன்னாலயே ஒரு உளியால தன் கையில இருந்த முடியை வழிச்சுக் காட்டினாரு. சத்தமே இல்லாம இறங்குச்சு. நான் மயங்கிட்டேன். அதுக்குத்தான் மாமா அடிச்சாரு. அடிக்க வேண்டியதுதான். முடி வழிச்சா கூரா இருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். தகர டப்பா மூடியைத் தீட்டினாக்கூட ஒரு தடவை வழிக்கும்."

"அப்போ தரத்தை எப்படித்தான் பார்க்கறது?"

"முதல்ல உளியோட தட்டை முதுகைக் கண்ணாடி மேல வைக்கணும். ஆடாம படுக்கணும்."

மாஸ்டர் பெட்டியைத் திறந்தார். உளிகள் படுக்க ஆறு குழி. கால் இஞ்ச், அரை, முக்கால், ஒன்றேகால், ஒன்றரை என்று ஐந்து உளிகள் படுத்திருந்தன. எல்லாவற்றுக்கும் சிவப்புப் பிடி, இரும்பில் ஒரே முத்திரை. ஒரு இஞ்ச் உளியின் குழி காலி. இன்ஸ்பெக்டர் மேசையில் கண்ணாடி போட்டிருந்தது. மாஸ்டர் ஒவ்வொரு உளியாக அதன்மேல் வைத்து விரலால் தட்டினார். ஐந்தும் டக் டக்கென்று ஆடின.

"அப்புறம் வைரம் பாஞ்ச கட்டையோட தலைப்பக்கத்துல வச்சு பத்து அடி அடிக்கணும். அடிச்சுட்டுக் கூர் முனையை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பார்க்கணும். நல்ல கூர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. மடங்கியிருந்தா மின்னும்."

மாஸ்டர் ஐந்து உளிகளையும் ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஐந்திலும் கூர் மடங்கி, வெள்ளைக் கோடு போட்டதைப்போல மின்னியது.

"பச்சை இரும்பு," என்று மச்சான் காறித் துப்பினார். "பதமே இல்ல. பேர் போன கம்பெனி முத்திரையைப் போட்டு விக்கறானுங்க."

"சார், இப்போ அந்த உளி," என்றார் மாஸ்டர்.

இன்ஸ்பெக்டர் பீரோவிலிருந்து துணியில் சுற்றியதை எடுத்து மேசையில் வைத்தார். அதே சிவப்புப் பிடி, அதே முத்திரை. பிடியின் கழுத்துவரை ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் திருப்பிக்கொண்டேன். எனக்கு வயிறு கொஞ்சம் பலவீனம்.

மாஸ்டர் கைக்குட்டையால் அதை எடுத்துக் கண்ணாடிமேல் மெல்ல வைத்துத் தட்டினார். சத்தமே வரவில்லை. அசையாமல் படுத்திருந்தது. ஜன்னலுக்கு நேராகத் தூக்கினார். மின்னவில்லை. ஒரு நெஞ்சுக்கூட்டைப் பிளந்துவிட்டு வந்த கூர், எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

மச்சான் ஓரக்கண்ணால் பார்த்தவர் தன்னை மறந்து கையை நீட்டினார். விலங்கு சுண்டி இழுத்தது. "சார், இது நல்ல உளி! இது அந்தப் பெட்டியில இருந்தது இல்ல."

"யோவ், காலி குழி ஒரு இஞ்ச் உளியோடது. நெஞ்சுல இருந்ததும் ஒரு இஞ்ச். அஞ்சும் ஒண்ணும் ஆறு," என்றார் இன்ஸ்பெக்டர். "இதுல என்ன சந்தேகம்?"

"குண்டூசி, கட்டை," என்றார் மாஸ்டர்.

நான் கட்டையைத் தூக்கி மேசையில் வைத்தேன். கண்ணாடியில் ஒரு விரிசல் விட்டது. நான் கூரையைப் பார்த்தேன். கட்டையின் தலைப்பக்கத்தில் முதலாளி வரிசையாக வெட்டிப் பார்த்த தடங்கள் இருந்தன. கால் இஞ்சிலிருந்து ஒன்றரை இஞ்ச் வரை ஆறு வெட்டு. ஆறும் எலி கடித்தாற்போலப் பிசிறு பிசிறாக இருந்தன.

"எண்ணிக்குங்க சார். ஆறையும் வெட்டிப் பார்த்திருக்காரு. இந்த நாலாவது வெட்டு ஒரு இஞ்ச் உளியோடது. இதுவும் பிசிறா இருக்கு. அப்போ பெட்டியில வந்த ஒரு இஞ்ச் உளியும் மட்டம்தான். நெஞ்சுல இருந்து எடுத்தது அது கிடையாது. பெட்டியில வந்தது எங்க போச்சு?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மாஸ்டர் இஞ்ச் டேப்பை எடுத்து ஐந்து உளிகளின் இரும்பையும் அளந்தார். எல்லாம் ஒரே நீளம். ரத்த உளியை அளந்தார். முக்கால் இஞ்ச் குறைவு.

"தேஞ்சிருக்கு," என்றார் மச்சான். "தீட்டித் தீட்டித் தேஞ்சிருக்கு. வருஷக்கணக்கா தீட்டியிருக்காங்க."

"ஆஹா!" இன்ஸ்பெக்டர் மேசையில் ஓங்கிக் குத்தினார். விரிசல் பெரிதானது. "அப்போ பழைய உளி! பட்டறையில இவன் தினம் வேலை பார்த்த உளி! அதை எடுத்துத்தான் செருகியிருக்கான். மாஸ்டர், நீங்க எனக்காக உழைக்கறீங்கன்னு இப்போதான்யா தெரியுது!"

கட்டையைச் சுமந்து வந்து மச்சானுக்கு நானே குழி வெட்டிவிட்டேனோ என்று தோன்றியது. மச்சானோ தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா சார், என் உளிதான்," என்றார். அந்த நிமிஷம் அவரை லத்தியால் நாலு போடு போடலாமா என்று எனக்கே ஆத்திரம் வந்தது.

மாஸ்டர் மட்டும் அசையவில்லை. "முக்கால் இஞ்ச் தேயற வரைக்கும் வேலை செஞ்ச உளி, தம்பி. அதோட பிடி எப்படி இருக்கும்?"

"தலையில ஆயிரக்கணக்கா அடி விழுந்திருக்கும். பூ மாதிரி விரிஞ்சிருக்கும் சார். ரெண்டு தடவையாவது பிடி மாத்தியிருப்போம்."

மாஸ்டர் உளியை நிமிர்த்திப் பிடியின் தலையை எங்களுக்குக் காட்டினார். சிவப்புப் பூச்சு கடையிலிருந்து வந்த பளபளப்போடு இருந்தது. நடுவில் ஒரே ஒரு பள்ளம். மரச்சுத்தியல் விழுந்த ஒரே ஒரு தடம்.

"அந்த ஒரு அடி எப்போ விழுந்துச்சுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்," என்றார். "அதுக்கு முன்னால இந்த உளி ஒரு அடி கூட வாங்கினதில்ல. ஆனா தினமும் சாணைக்கல்லைப் பார்த்திருக்கு. தினமும் தீட்டறான், ஒரு நாளும் அடிக்கறதில்ல. யாருடா அது, குண்டூசி?"

"எங்க தெரு ரவுடி மாஸ்டர். பத்து வருஷமா கத்தியைத் தீட்டிக்கிட்டே இருக்கான். எவனையும் குத்தினபாடில்ல."

"கிட்ட வந்துட்டே. கிளம்பு. கட்டையை எடுத்துக்கோ."

"மறுபடியுமா?"

"நாலு மணிக்கு வண்டி கிளம்பிடும்யா, சொல்லிட்டேன்!" என்று இன்ஸ்பெக்டர் பின்னாலிருந்து கத்தினார். மணி மூன்று.

வழியில் மாஸ்டர் வேகமாக நடந்துகொண்டே பேசினார். நான் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"அந்தம்மா முட்டி போட்டு இழுத்தும் உளி வரலைன்னா, குத்தினவன் இழுத்தப்பவும் வந்திருக்காது. தன் உளியை விட்டுட்டுத்தான் போயாகணும். போனா பெட்டியில ஆறு, நெஞ்சுல ஒண்ணு, மொத்தம் ஏழு. மாட்டிப்பான். அதனால பெட்டியில இருந்த ஒரு இஞ்ச் உளியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். ரத்தத்துல நின்னுக்கிட்டு எண்ணிக்கையைச் சரி பண்ணியிருக்கான் பாரு."

கட்டை நழுவியது. எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினேன்.

மச்சான் உளி வாங்கிய இரும்புச் சாமான் கடை மூன்றாவது தெருவில் இருந்தது. ஆணி டப்பாக்கள், கீல்கள், தொங்கும் சங்கிலிகள், பெயின்ட் வாசனை. கடைக்காரர் ஐம்பது வயது மனுஷர், பார்த்தால் பரமசாது. எங்களைக் கண்டதும் எழுந்துவிட்டார். இழவு வீட்டில் நேற்று விக்கி விக்கி அழுதாராம்.

"வாங்க, வாங்க. பாவம் சார் பட்டறைக்காரர். எனக்கு நேத்திலிருந்து சோறே இறங்கல. அந்த மச்சான் இப்படிப் பண்ணுவான்னு யாரு கண்டா?"

"எனக்கு ஒரு பெட்டி உளி வேணும்," என்றார் மாஸ்டர்.

"பேஷா! ஒரு பெட்டி என்ன, பத்து எடுத்துக்குங்க."

"மச்சானுக்குக் கையில முடி வழிச்சுக் காட்டினீங்களாமே. எனக்கும் காட்டுங்களேன்."

கடைக்காரர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, உயிர் மட்டும் போய்விட்டது. "அது... காட்டற உளி சாணைக்குப் போயிருக்கு சார்."

"தினமும் நீங்களே தீட்டுவீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"கல்லு தேஞ்சு போச்சு."

மாஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பையிலிருந்து டேப்பை உருவினார். "சட்டை புதுசு போல. மடிப்புகூடக் கலையல. இந்த வெயில்ல முழுக்கை, மணிக்கட்டு வரைக்கும் பட்டன். தப்பா எடுத்துக்காதீங்க, பழைய தொழில் புத்தி. கை நீளம் ரெண்டு இஞ்ச் அதிகம். யார் தைச்சது?" என்று சொல்லிக்கொண்டே அளவெடுக்கிற சாக்கில் இடது கையைப் பிடித்தார். பட்டனைத் தட்டி, கையைச் சரேலென்று முழங்கைவரை சுருட்டிவிட்டார்.

கையில் ஒரு முடி இல்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மொழுமொழுவென்று இருந்தது. வலது கையிலோ விரல் முட்டிவரை காடாக முடி. அந்த வழுக்கைத் தோலில் நாலு நகக் கீறல்கள், ரத்தம் கட்டி, ஆழமாக இறங்கியிருந்தன. சாகப்போகிறவனின் பிடி அது.

"வருஷக்கணக்கா வழிச்சுக் காட்டியிருக்கீங்க," என்றார் மாஸ்டர் அமைதியாக. "விக்கறது பச்சை இரும்பு. காட்டறதுக்கு மட்டும் ஒரே ஒரு அசல் உளி. தினமும் தீட்டல். ஒரு நாளும் அடி கிடையாது. அந்த உளி இப்போ ஸ்டேஷன் பீரோவுல இருக்கு."

நான் மூச்சு விடுவதற்குள் கடைக்காரர் கல்லாவுக்குக் கீழே இருந்து கடப்பாரையை எடுத்து வீசினார். அது மாஸ்டரின் தோளில் விழுந்த சத்தம் எனக்கு என் எலும்பில் கேட்டது. மாஸ்டர் ஆணி டப்பாக்களோடு சரிந்தார். கடை முழுக்க ஆணி மழை பெய்தது. கடைக்காரர் தாவி வந்து அவர் விலாவில் இரண்டு உதை விட்டார். மூன்றாவது உதைக்கு நான் குறுக்கே விழுந்தேன். உதை என் தாடையில் பட்டது. கண்ணில் பொறி பறந்தது. ஒரு பல் நாக்கின்மேல் உருண்டது.

"அந்தப் பட்டறைக்காரன் போன் பண்ணிக் கூப்பிட்டான்யா!" கடைக்காரர் வாயில் எச்சில் நுரைத்தது. "நீ முடி வழிச்சுக் காட்டற உளியையும் கொண்டு வா, இந்தக் கட்டையில வெட்டு, எல்லாரும் பார்க்கட்டும்னான். போனேன். பெட்டியை மூஞ்சியில எறிஞ்சான். அறைஞ்சான். ஊர்ல ஒரு தச்சன் உன் கடை வாசல் மிதிக்க மாட்டான்னான். என் கோடவுன் நிறைய இந்த உளிதான்யா இருக்கு!"

பேசிக்கொண்டே அலமாரியில் இருந்த ஒரு பெட்டியைக் கவிழ்த்து ஓர் உளியை எடுத்தார். சிவப்புப் பிடி, ஒரு இஞ்ச். புதுச் சரக்குக்கு மேலே பூசி வரும் பளபளப்பு அதில் இல்லை. கூர் மடங்கி மின்னியது. முதலாளி கை பட்ட உளி. காணாமல் போன ஆறாவது. மனுஷன் அதைக் கிணற்றில் போட்டிருக்கலாம், சாக்கடையில் எறிந்திருக்கலாம். விற்கிற சரக்கை வீணாக்க மனசு வராமல், இன்னொருவன் தலையில் கட்டுவதற்காக வேறொரு பெட்டியில் வைத்திருக்கிறான்!

அதை ஓங்கிக்கொண்டு அவன் என்மேல் பாய்ந்தான். எனக்கு ஓட இடமில்லை. பின்னால் சுவர், காலடியில் ஆணி. கையில் சிக்கியது அந்தக் கட்டை மட்டும்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு அதை நெஞ்சுக்கு முன்னால் தூக்கினேன்.

டொக்.

கண்ணைத் திறந்தேன். உயிரோடு இருந்தேன். முழு உடம்பின் பலத்தோடு கட்டையில் இறங்கிய உளி அரை இஞ்ச்கூடப் போகவில்லை. இரும்பு பாதியில் வளைந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அவனும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி," என்றேன் ரத்தத்தைத் துப்பிவிட்டு, "சரக்கு மட்டம். எனக்கு வேணாம்."

சொல்லிவிட்டுக் கட்டையைக் கையிலிருந்து விட்டேன். அது அவன் பாதத்தில் விழுந்தது. விரல்கள் நொறுங்கிய சத்தத்தை அவன் அலறல் மூடிவிட்டது. மாஸ்டர் ஒரு கையை ஊன்றி எழுந்து, இஞ்ச் டேப்பால் அவன் கையைப் பின்னால் கட்டினார். பத்து வருடத்தில் அந்த டேப் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கிழிந்தது.

கடைக்காரனை இழுத்துக்கொண்டு நாங்கள் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தபோது வண்டியின் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மச்சானைப் பின்பக்கம் ஏற்றிக் கதவைச் சாத்தப் போன ஏட்டின் கையை நான் பிடித்துக்கொண்டேன். பல் போன வாயால் நான் சொன்னது அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வளைந்த உளியைப் பார்த்த இன்ஸ்பெக்டருக்குப் புரிந்தது. அவர் சாவியை எடுத்து விலங்கைக் கழற்றினார். அடித்த முதுகை நேராகப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. அந்த மட்டில் அவரும் மனுஷன்தான்.

மச்சான் வண்டியிலிருந்து இறங்கி நின்றார். அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"நீ செய்யலைன்னு எனக்குத் தெரியும். அப்புறம் ஏண்டா செஞ்சேன்னு சொன்னே?"

அவர் அவள் விரல்களையே பார்த்தார். நகக்கண்ணில் ரத்தம் இன்னும் இருந்தது.

"நீதான்னு நெனச்சேன்க்கா," என்றார். "நேத்துக் காலையில என் நெத்தியில கட்டுப் போடறப்ப சொன்னியே, இந்த ஆளை ஒரு நாள் நானே கொன்னுடறேன்னு. அப்புறம் வந்து பார்த்தா, நீ மேசை மேல முட்டி போட்டு, ரெண்டு கையாலயும் உளியைப் பிடிச்சுக்கிட்டு..."

அவள் அறைந்தாள். லத்தியெல்லாம் அதன் பக்கத்தில் வர முடியாது. ஸ்டேஷன் முழுக்க எதிரொலித்தது, ஏட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

காலையிலிருந்து அத்தனை அடிக்கும் வாயைத் திறக்காத மனுஷன், "அக்கா!" என்று கத்திவிட்டார்.

"இழுத்துப் போட்டா பொழைச்சுக்குவாருன்னு நெனச்சேண்டா!" என்றாள் அவள். "பொழைச்சுக்குவாருன்னுதாண்டா இழுத்தேன்!"

பிறகு அவருடைய வீங்கிய கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, நேற்றிலிருந்து முதல்முறையாக அவள் அழ ஆரம்பித்தாள்.